காப்புக் கட்டிய ஊரில் கறி பிரியாணி

ஓர் ஊரை ஒற்றுமையாக்க எளிய வழி எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்வேன்: ஊர் மொத்தமும் சேர்ந்து திட்டுவதற்கு ஓர் ஆளைப் பிடித்துக் கொடுத்துவிடுங்கள், மீதியை ஊரே பார்த்துக்கொள்ளும். நான் அந்த ஆளாக இருந்திருக்கிறேன். அதற்குச் சம்பளமும் வாங்கியிருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சென்னையில் சமூகப் பணியில் முதுகலை முடித்தேன். அதில் ‘பன்முகப் பண்பாட்டுச் சமூகங்களில் நிலைத்த வளர்ச்சியும் சமூகப் பணியாளரின் பங்கும்’ என்று ஒரு தாள் உண்டு. தலைப்பை எழுதி முடிப்பதற்குள்ளேயே பாதிப் பக்கம் போய்விடும். அந்தத் தாளில் வகுப்பிலேயே நான்தான் முதல். (அந்த விடைத்தாள் இப்போது கையில் கிடைத்தால் நானே சிவப்பு மையால் பூஜ்யம் போட்டுவிடுவேன்.) சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் காம்பவுண்டில் ஒரே குழாயடியில் எல்லா மதத்தாரும் குடத்தை வைத்துச் சண்டை போட்டார்கள். ஆகவே பன்முகப் பண்பாடு எனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தேன்.

வேலை கிடைத்தது விருதுநகரில். சூலக்கரையில் கலெக்டர் ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தொண்டு நிறுவனம். அங்கிருந்து என்னை ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஓர் ஊருக்கு அனுப்பினார்கள். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்த ஊருக்கு ஏற்கெனவே போதுமான கஷ்டம் இருக்கிறது.

இரண்டே தெரு. ஒன்று அம்மன் கோயில் தெரு, இன்னொன்று மாதா கோயில் தெரு. முன்பு இரண்டு தெருக்காரர்களும் கூலிக்குக் காட்டு வேலை பார்த்தவர்கள். மழை பொய்த்துப் போய், இப்போது விடிவதற்குள் ஒரே வேனில் ஏறி ஒரே பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறார்கள். வேன் ஒன்று, கம்பெனி ஒன்று, முதலாளி ஒருவர். சண்டை மட்டும் தெருவாரியாகத் தனித்தனியாக வைத்திருந்தார்கள்.

நான் போனபோது சண்டை, குழந்தைகள் காப்பகம் எந்தத் தெருவில் வருவது என்பதைப் பற்றி. அங்கன்வாடி மதியத்தோடு மூடிவிடும். வேன் திரும்பி வர சாயங்காலம் ஆகும். அதுவரை கைக்குழந்தையை யார் பார்ப்பது? அந்த வீட்டுப் பெண் பிள்ளை பார்க்கும். அதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கும். பொன்னுத்தாயின் மகள் செல்வி அப்படித்தான் நின்றுவிட்டாள். முந்தைய வருடம் கம்பெனியில் நடந்த வெடிவிபத்தில் பொன்னுத்தாயின் கணவர் இறந்துபோனார். பொன்னுத்தாய் அழுது முடித்து அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். ஐந்தாம் வகுப்புக்குப் போக வேண்டிய செல்வி, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றாள். நான் எந்த நேரத்தில் அந்த ஊருக்குப் போனாலும் முதலில் கண்ணில் படுவது அந்த இடுப்பும் அந்தத் தம்பியும்தான். காப்பகம் வந்தால் செல்வி பள்ளிக்குத் திரும்பிவிடுவாள். எனக்கு அந்த ஊரில் இருந்த ஒரே உருப்படியான லட்சியம் அது.

காப்பகத்துக்குப் பணம் தர ஒரு வெளிநாட்டு நிறுவனம் தயாராக இருந்தது. ஆனால் இரண்டு தெருவும் சேர்ந்து நடத்துவதாக இருந்தால்தான் தருவார்கள். அதை நேரில் பார்க்க ஹெல்கா என்ற அம்மையார் வருகிறார் என்று எங்கள் தொண்டு நிறுவனத்தின் டைரக்டர் சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம். “ரெண்டு தெருவையும் ஒரே இடத்துல உட்கார வச்சிடுங்க. மத்ததை நான் பார்த்துக்கறேன்” என்றார்.

உட்கார வைப்பதா? என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. (அது வேலை செய்த நாட்களை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.) ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டால் பகை போகும் என்று பாடத்தில் படித்திருந்தேன். என்ன சாப்பாடு? சாம்பார் சாதம் போட்டால் யாருடைய பகை போகும்? சிவகாசியிலிருந்து ஒரு பிரியாணி மாஸ்டரைப் பிடித்தேன். ஆட்டுக்கறி. அதுவும் யாருக்கும் முன்கூட்டியே சொல்லக் கூடாது, இன்ப அதிர்ச்சியாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். இரண்டு தெருவிலும், “வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம், வந்துடுங்க” என்று மட்டும் சொன்னேன். சரி என்றார்கள். அதன்பின் டைரக்டரோடு கலெக்டர் ஆபீஸுக்கு அலைந்ததில் அந்த வாரம் முழுவதும் ஊர்ப்பக்கம் போகவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் மாஸ்டரோடும் பிரியாணி வேகும் பெரிய தேக்சாவோடும் ஊருக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தெரு முழுக்க வேப்பிலைத் தோரணம். மின்கம்பத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நம் விழாவுக்காக ஜனங்கள் தாங்களாகவே இவ்வளவு செய்திருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன். ‘சமூகப் பங்கேற்பு’ என்று பாடத்தில் சொல்வது இதைத்தான்!

சென்னைக்காரன் வேப்பிலைத் தோரணம் பார்த்ததில்லையா என்று நீங்கள் கேட்பது நியாயம். பார்த்திருக்கிறேன். ஆடி மாதம் பார்த்திருக்கிறேன், கூழும் குடித்திருக்கிறேன். இதுவோ பங்குனி. என் கணக்கில் அம்மனுக்கு ஆடி மாதம் மட்டும்தான் டியூட்டி.

மாஸ்டருக்குக்கூடச் சந்தேகம் வந்தது. “சார், ஊர்ல வேப்பிலை கட்டியிருக்கே, ஒண்ணும் பிரச்சினை இல்லையே?” என்றார்.

“நமக்காகத்தான் மாஸ்டர் கட்டியிருக்காங்க” என்றேன்.

மாதா கோயிலையும் எட்டிப் பார்த்தேன். உள்ளே சொரூபங்களை எல்லாம் ஊதாத் துணி போட்டு மூடியிருந்தார்கள். வெள்ளையடிக்கப் போகிறார்கள்போல, தூசி படக் கூடாது என்று மூடியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். ஒரு மனிதன் முட்டாளாக இருக்கலாம். ஆனால் அதற்கு இவ்வளவு உற்சாகம் ஆகாது.

இரண்டு தெருவுக்கும் பொதுவாக, ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி ஒரு சமுதாயக் கூடம் இருந்தது. அதற்குப் பின்னால் அடுப்பு மூட்டினோம். ஊரில் முக்கால்வாசிப் பேர் கம்பெனியில். காற்றும் அன்று கண்மாய்ப் பக்கமாக அடித்ததால் வாசம் ஊருக்குள் போகவில்லை. செல்வி மட்டும் தம்பியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். தேக்சாவையே பார்த்தாள்.

“சார், கறியா வேகுது?”

“ஆமா. ஆட்டுக்கறி.”

“இன்னைக்கேவா?”

“இன்னைக்கேதான்.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் உதட்டில் விரல் வைத்து, “ரகசியம். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது” என்றேன்.

“எங்க அம்மா...”

“அம்மாகிட்டயும் சொல்லக் கூடாது.”

தலையை ஆட்டிவிட்டு, தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள். அந்த ஊரில் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான். கேட்காமல் இருந்திருக்கலாம்.

வேன் வந்து நிற்பதற்கும் காற்று திரும்புவதற்கும் சரியாக இருந்தது. பெண்கள் முகத்திலும் கையிலும் பட்டாசு மருந்தின் வெள்ளிப் பவுடர் மினுங்க வேனிலிருந்து இறங்கினார்கள். இறங்கியவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். அசந்துபோய்விட்டார்கள் என்று நினைத்து நான் சிரித்தபடி கையைக் கூப்பினேன்.

அம்மன் கோயில் தெருவின் பெரியவர் குருசாமி முன்னால் வந்தார். “ஏலே, யாருலே இங்கன கறி வேக வச்சது?”

மாஸ்டர் கொஞ்சமும் யோசிக்காமல் கரண்டியால் என்னைக் காட்டினார்.

“செவ்வாக்கிழமயே அம்மனுக்குப் பொங்கல் சாட்டியாச்சு தம்பி. காப்புக் கட்டியிருக்கு. கொட்டடிச்சு ஊருக்கே சொன்னோம். வார செவ்வாக்கிழம பொங்கல் முடியுற மட்டும் வீட்ல எண்ண ஊத்தித் தாளிக்கக்கூட மாட்டோம். நீங்க கறிய வேக வச்சிருக்கீக.”

“எனக்குத் தெரியாதுங்கய்யா. நான் இந்த வாரம் ஊர்ல இல்லை.”

“தோரணம் கட்டியிருக்கோம்ல? கொளாக் கட்டிப் பாட்டு ஓடுதுல்ல? இம்புட்டும் என்னத்துக்குன்னு நினைச்சீக?”

என்னை வரவேற்க என்று நினைத்தேன் என எந்த வாயால் சொல்வது?

திட்டியவர்கள் திட்டினார்கள். அதைத் தாங்கிக்கொள்ளலாம். பொன்னுத்தாய் திட்டவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாகப் பேசினாள்.

“போன வருசமும் காப்புக் கட்டுன வாரந்தான் சார். யாரோ ஒரு வீட்ல கருவாடு சுட்டாகன்னு ஊருக்குள்ள பேச்சு. மறுநாளுதான் எங்க வீட்டுக்காரரு போய்ச் சேந்தாக. நாளைக்கு நான் அதே மாதிரி ரூம்லதான் சார் போய் உக்காரணும்.”

வெடிமருந்து ஏன் வெடிக்கிறது என்று எனக்குத் தெரியும். பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். உராய்வு, வெயில், கலவை மாறுவது, ஓர் அறையில் இருக்க வேண்டியதைவிட அதிகம் பேரை உட்கார வைப்பது. அதில் ஒன்றைக்கூட அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கருவாட்டைச் சுடாமல் இருப்பது அவள் கையில் இருக்கிறது. முதலாளி எத்தனை பேரை ஓர் அறைக்குள் அடைக்கிறார் என்பது அவள் கையிலா இருக்கிறது? அவள் கையில் இருந்த அந்த ஒரே பாதுகாப்பைத்தான் நான் தேக்சாவில் போட்டு வேக வைத்திருந்தேன்.

அப்போது மாதா கோயில் தெருக்காரர்கள் கூட்டமாக வருவது தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது. பாதிப் பிரியாணியாவது போகும்! (அந்த நிலையிலும் எனக்குப் பிரியாணிக் கவலை.) முன்னால் வந்த உபதேசியார் சவரிமுத்து காற்றை முகர்ந்தார். முகம் சுருங்கியது.

“என்ன சார் இது? தவக்காலம் நடக்கு. அதுலயும் வெள்ளிக்கிழம. நாங்க அரை நாள் வேலய விட்டுட்டு வந்து இப்பந்தான் சிலுவைப்பாத முடிச்சிட்டு வாறோம்.”

ஊதாத் துணி வெள்ளையடிக்க அல்ல என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது.

இந்த நேரம் பார்த்து டைரக்டரின் ஜீப் வந்தது. ஹெல்கா அம்மையார் இறங்கினார். பெரிய கேமரா, பெரிய சிரிப்பு. நான் டைரக்டரின் காதோடு, “சார், இவங்களாவது ஒரு வாய் சாப்பிட்டா நல்லா இருக்கும்” என்றேன். டைரக்டர் என்னை எரித்துவிடுவதுபோலப் பார்த்தார். “அந்தம்மா சுத்த சைவம்யா” என்றார்.

பங்குனி மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமையில், இரண்டு மதமும் ஓர் ஐரோப்பாவும் கறி தொடாத இடத்தைத் தேடிப் பிடித்து அங்கே பிரியாணி போட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

“எடுத்துப் புதைங்கப்பா” என்றார் குருசாமி.

மண்வெட்டி வந்தது. அம்மன் கோயில் தெருக்காரர்கள் தோண்ட ஆரம்பித்தார்கள். தரை காய்ந்து இறுகிக் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு கடப்பாரையை வாங்கினார்.

“உங்களுக்கு எதுக்குய்யா இது?” என்றார் குருசாமி.

“ஒரே ரூம்லதானண்ணே வேல பாக்கோம். வெடிச்சா வேதம் பாத்தா வெடிக்கிது?”

குருசாமி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். இரண்டு தெருவும் சேர்ந்து தோண்டியது. என் திட்ட அறிக்கையில் ‘இரு தரப்பினரும் இணைந்து மேற்கொள்ளும் முதல் பணி’ என்று ஒரு பத்தி எழுதி, அதில் மரக்கன்று நடுதல் என்று போட்டிருந்தேன். நட்டது என்னவோ பிரியாணியை.

தேக்சாவைக் கவிழ்க்கும்போது செல்வி அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, நான் சின்னப் பிள்ளதான? ஒரே ஒரு துண்டும்மா. சாமி ஒண்ணுஞ் சொல்லாது.”

பொன்னுத்தாய் அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அந்தச் சத்தத்தில் தம்பியும் சேர்ந்து அழுதான். அப்பா போன பிறகு அந்த வீட்டில் கறி எடுக்கவில்லை என்று பிற்பாடு தெரிந்தது. அன்று ஊரில் எத்தனையோ பேர் அடி வாங்கத் தகுதியோடு நின்றோம். வாங்கியவள் அவள்.

பிறகு சுத்தம் செய்யும் படலம். பூசாரி குடத்தில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வேப்பங்குலையோடு வந்தார். அடுப்பு, கூடம், தேக்சா, மாஸ்டர் என்று வரிசையாகத் தெளித்துக்கொண்டே வந்தார். என் முன்னால் வந்ததும் நின்று குருசாமியைப் பார்த்தார். “இவருக்குத் தெளிச்சாப் பத்தாது. ஊத்துங்க” என்றார் குருசாமி. தலையோடு குடம் கவிழ்ந்தது. கண்ணைத் துடைப்பதற்குள் இன்னொரு பக்கத்திலிருந்து சளேர் என்று விழுந்தது. உபதேசியார் கோயில் தீர்த்தத்தைக் கொண்டுவந்திருந்தார். விழாவுக்கென்று வாங்கிய புது வெள்ளைச் சட்டை மஞ்சளாகி முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஹெல்கா கேமராவால் சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தார். என்னிடம் வந்து ஆங்கிலத்தில், இது என்ன சடங்கு என்று கேட்டார். டைரக்டரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். தாடையிலிருந்து மஞ்சள் சொட்டச் சொட்ட நான் சொன்னேன்: “இரண்டு சமயத்தாரும் சேர்ந்து ஒரு பொதுக் காரியத்தைத் தொடங்குவதற்கு முன் சமூகப் பணியாளரை இப்படித்தான் ஆசீர்வதிப்பார்கள்.”

அம்மையாரின் கண்கள் நிறைந்துவிட்டன.

மறுநாள் இரண்டு தெருவிலிருந்தும் ஒருவர்கூட வேனில் ஏறவில்லை. வேன் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் காலியாகத் திரும்பியது. ஆனால் எத்தனை நாள் வயிற்றைக் கட்ட முடியும்? திங்கட்கிழமை போனார்கள். நான் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து கம்பெனி இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ லாரி டயர் வெடித்ததற்கு எழுந்து ஓடினேன். எனக்குச் சாமி நம்பிக்கை அதிகம் கிடையாது. ஆனாலும் இரண்டு சாமியிடமும் மாறி மாறிக் கெஞ்சினேன். சாயங்காலம் வேன் வந்து பொன்னுத்தாய் தூக்குவாளியோடு இறங்குவதைப் பார்த்ததும் அழுதுவிட்டேன். மறுநாள் பொங்கலும் நல்லபடியாக முடிந்தது. ஒன்றுமே நடக்காததற்காக நான் அழுதது அந்த ஒரு முறைதான்.

அந்த வருடம் ஹெல்காவின் நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின் அட்டையில் என் படம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, வாயைப் பிளந்து, மஞ்சள் குளித்து நிற்கிறேன். கீழே ‘சமய நல்லிணக்கத்தில் மலரும் வளர்ச்சி’ என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தார்கள். காப்பகத்துக்குப் பணம் வந்தது. வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தக் கூடத்தையே காப்பகமாக்கினோம். எந்தத் தெருவில் என்ற சண்டை அதற்குப் பிறகு வரவில்லை. சேர்ந்து ஒருவனைக் குளிப்பாட்டியவர்களுக்கு என்ன சண்டை?

திறந்த அன்று முதல் ஆளாகச் செல்விதான் வந்தாள். தம்பியை இறக்கிப் பாயில் உட்கார வைத்தாள். இடுப்பு பழக்கதோஷத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. நான் பெருமை தாங்காமல், “இனி நீ பள்ளிக்கூடம் போகலாம் செல்வி. டீச்சர்கிட்ட பேசிட்டேன்” என்றேன்.

“இல்ல சார்” என்று சிரித்தாள். “இனிமே கை சும்மாதான இருக்கு? வீட்ல இருந்து கொழா உருட்டலாம்னு அம்மா சொல்லிருச்சு. அம்மாவுக்கு இருமல் நிக்கல. முன்ன மாரி வேலைக்குப் போவ முடியல.”

வெடிக்கு வேண்டிய காகிதக் குழாயைக் கம்பெனிக்காரர்கள் வீடுகளில் கொடுத்து உருட்டி வாங்குவார்கள். அதற்கு இரண்டு கையும் வேண்டும். அந்த இரண்டு கையைத்தான் நான் பாடுபட்டு விடுவித்துக் கொடுத்திருந்தேன்.

விடவில்லை, போராடினேன். பொன்னுத்தாயிடம் சண்டையே போட்டேன். “நான் என்ன ஆசப்பட்டா சார் செய்யிறேன்?” என்றாள். செல்வி சில வாரம் பள்ளிக்குப் போனாள். தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்காரக் கூச்சப்பட்டு நின்றுவிட்டாள். தம்பி காப்பகத்திலிருந்து பள்ளிக்குப் போய் நன்றாகவே படித்தான். அதைத்தான் எங்கள் நிறுவனம் எல்லா அறிக்கையிலும் எழுதியது.

இப்போது மதுரையில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் இந்தக் கதை பிரசித்தம். நான் கறிக்கடைக்குப் பையை எடுத்தால் போதும், “எந்த ஊர்லயாவது பொங்கல் சாட்டியிருக்காங்களான்னு கேட்டுட்டுப் போங்க” என்பாள் என் மனைவி. கல்யாண வீடுகளில் என் மச்சான் குருசாமியாகவும் சவரிமுத்துவாகவும் மாறி மாறி நடித்து, சொம்புத் தண்ணீரை என் தலையில் ஊற்றுவதுபோலக் காட்டுவான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மச்சான் காட்டும் அந்த முகத்துக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது.

போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் வழக்கம்போல நடித்து முடித்தான். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகள், சிரித்த மூச்சோடு, “அப்புறம் அந்த செல்வி அக்கா ஸ்கூலுக்குப் போனாங்களாப்பா?” என்று கேட்டாள்.

“போகலைம்மா” என்றேன்.

“அவ்வளவு பண்ணியுமா?” என்றாள்.

மச்சான் சொம்பைக் கீழே வைத்தான். கதையை இப்போதும் எங்கள் வீட்டில் சொல்கிறார்கள். என் தலையில் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.